மார்பில் தட்டுப்படும் கட்டியும் கொலாஜன் என்னும் நாரும்

கிராம முன்னேற்றம் என்று சொன்னவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், மின்சாரம் ஆகியவையே நம் நினைவில் முதலில் தோன்றுகின்றன. இவை யாவும் இன்றியமையாதவைதாம். ஆயினும், அந்தச் சாலையில் நடந்து, அந்தக் குடிநீரை முகந்து, குடும்பத்தை நடத்திச் செல்லும் தாய்மார்கள் நோயற்றிருந்தாலன்றி இந்த வசதிகளின் பயன் முழுமை அடையாது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் பெண்களின் உழைப்பு கலவாத தொழில் இல்லை எனலாம். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கின் தோலை உரிப்பவர்கள் அவர்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிக்கூடங்களில் தார் சுற்றுபவர்கள் அவர்கள். நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளில் முட்டைகளைச் சேகரித்து அடுக்குபவர்களும் அவர்களே.

அத்தகைய பெண் ஒருத்தியை நினைத்துப் பார்ப்போம். ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் ஏதோ கடினமாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்கு எவ்வித இடையூறும் இல்லை. வலி இல்லாததை நோய் என்று யார் எண்ணுவர்? ‘ஆடிப் பெருக்குக் கழியட்டும், கிழங்கு வெட்டு முடியட்டும், மகளின் கல்யாணம் நடக்கட்டும்’ என்று அவள் நாளைக் கடத்துகிறாள். வெட்கம் காரணமாகக் கணவனிடமும் சொல்வதில்லை. மாதங்கள் ஓடுகின்றன. அவள் மருத்துவமனைப் படியேறும்போது கட்டி பெரிதாகி அக்குளிலும் பரவியிருக்கிறது.

இது ஒரு வீட்டின் கதை அன்று. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் அந்நோயால் மாண்டனர். அதே ஆண்டில் நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது என்றும், 98 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். தமிழ்நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் இதுவே இன்று முதலிடம் வகிக்கிறது.

கட்டி ஏன் கடினமாக இருக்கிறது? அக்கடினம் நமக்கு எதைத் தெரிவிக்கிறது? இக்கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் தேடிக் கண்ட விடையில் ‘கொலாஜன்’ என்னும் நார்ப்பொருள் முக்கிய இடம் பெறுகிறது. அதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சென்னையில் 1954

கொலாஜனின் வரலாற்றில் நம் மாநிலத்திற்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. 1954-ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் இரண்டு நற்காரியங்கள் நிகழ்ந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரை மறவாமல், பல ஆண்டுகள் அரும்பாடுபட்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டிய அம்மருத்துவமனை 1954 ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளுடன் பணியைத் தொடங்கியது.

அதே ஆண்டில், அங்கிருந்து சில மைல் தூரத்திற்குள், கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பகுதியில் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் அமைப்பை ஆராய்ந்து வந்தனர். கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அக்கதிர்கள் சிதறி விழும் கோலத்தைக் கொண்டு அவர்கள் கணக்கிட்டனர். கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்தமைந்த பொருள் என்று 1954-இல் வெளியிட்டனர். அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருக்கின்றன என்று 1955-இல் அதனைத் திருத்தி நிறைவு செய்தனர். ஒருபுறம் நோயுற்ற பெண்கள் சிகிச்சை பெறத் தொடங்கினர். மறுபுறம் அந்நோயின் போக்கில் பெரும் பங்கு கொள்ளும் ஒரு பொருளின் உருவம் வெளிப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவு தெளிவாகப் பின்னும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

முப்புரிக் கயிறு

கொலாஜன் நமக்குப் புதிய பொருளன்று. பதனிட்ட தோல் பெரும்பாலும் கொலாஜனே. தச்சர்கள் முன்னாளில் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரப் பசை, விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கொலாஜன்தான். கொலாஜன் என்னும் பெயரே ‘பசை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் உடலில் உள்ள புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. தோல், எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய் ஆகிய அனைத்திற்கும் இதுவே உறுதி தருகிறது.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்ளத் தென்னை நார்க்கயிற்றைப் பார்த்தாலே போதும். கயிறு திரிப்பவர் தனித்தனிப் புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, பின்னர் அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார். அதனால்தான் கயிறு பிரிந்துவிடாமல் நிற்கிறது. கொலாஜனிலும் ஒவ்வோர் இழையும் இடப்புறமாக முறுகியிருக்க, மூன்று இழைகளும் சேர்ந்து வலப்புறமாக முறுகியிருக்கின்றன. புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் கோத்த சரங்களே. கொலாஜன் சரத்தில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதால், மூன்று இழைகளும் நெருங்கி அமைய இடம் கிடைக்கிறது. இத்தகைய நுண்கயிறுகள் பல சேர்ந்து நாராகின்றன. நார்கள் சேர்ந்து கற்றையாகின்றன.

மார்பகத்தின் நெசவு

மார்பகத்தின் உள்ளே பால் சுரக்கும் சுரப்பிகளும், அப்பாலை முலைக்காம்பிற்குக் கொண்டு செல்லும் நாளங்களும் உள்ளன. நாளத்தின் உட்சுவரில் உயிரணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவ்வரிசையைச் சுற்றி மிக மெல்லிய சவ்வு ஒன்று உறைபோல் மூடியிருக்கிறது. இதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். முட்டையின் ஓட்டை உரிக்கும்போது அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சவ்வை நாமக்கல் வட்டாரத்தில் அறியாதார் இலர். மெல்லியதாயினும் உள்ளிருப்பதை வெளியே விடாமல் காக்கும் அச்சவ்வை ஒத்ததே, கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தளச் சவ்வும். இது கொலாஜனின் ஒரு வகையால் பின்னப்பட்ட வலை.

இச்சவ்விற்கு வெளியே, நாளங்களுக்கு இடையே, கொழுப்பும் வேறொரு வகைக் கொலாஜன் நார்களும் நிறைந்திருக்கின்றன. நலமுள்ள மார்பகத்தில் இந்த நார்கள் சுருண்டும் நெகிழ்ந்தும் கிடக்கின்றன. கஞ்சி போடாத பருத்தி நூல் சிட்டத்தைக் கையில் எடுத்தால் எவ்வளவு மென்மையாக இருக்குமோ அவ்வாறே அப்பகுதியும் மென்மையாக இருக்கிறது. அந்த மென்மை, ‘உன் இடத்தில் அமைதியாக இரு’ என்று பக்கத்து உயிரணுக்களுக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது எனலாம். உயிரணுக்கள் தாம் பற்றியிருக்கும் தளம் மென்மையா, கடினமா என்பதை உணரும் ஆற்றல் படைத்தவை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

நார் இறுகுதல்

புற்றுநோய் பெரும்பாலும் நாளத்தின் உட்சுவரில் உள்ள ஓர் உயிரணுவில் ஏற்படும் கோளாறினால் தொடங்குகிறது. அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. அடித்தளச் சவ்வு கிழியாதவரை நோய் நாளத்திற்குள்ளேயே அடைபட்டிருக்கும். இந்நிலையில் கண்டுகொண்டால் குணமாக்குவது மிக எளிது.

ஆனால், கெட்ட அணுக்கள் தனித்து இயங்குவதில்லை. சவ்விற்கு அப்பால் நார் உண்டாக்கும் அணுக்கள் உள்ளன. காயம் பட்ட இடத்தில் புதிய நார்களை நெய்து தழும்பு அமைத்துக் காயத்தை மூடுவது இவற்றின் வேலை. காயம் ஆறியதும் இவை ஓய்ந்துவிடும். புற்றுக் கட்டியோ ஆறாத காயம்போல் நடந்துகொள்கிறது. அதன் தூண்டுதலால் இந்த அணுக்கள் ஓய்வின்றிக் கொலாஜனை உண்டாக்கிக் குவிக்கின்றன. மேலும், லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதிப்பொருள் நாருக்கும் நாருக்கும் குறுக்கே பிணைப்புகளைப் போடுகிறது. நெகிழ்ந்து கிடந்த நூல் சிட்டத்தைக் கஞ்சியில் தோய்த்து உலர்த்தினால் விறைத்துவிடுவதுபோல, அவ்விடம் விறைத்துக் கடினமாகிறது.

இக்கடினம் நோயின் விளைவு மட்டும் அன்று. நோயை வளர்க்கும் காரணமும் ஆகிறது. தளம் கடினமாக, அதைப் பற்றியுள்ள அணுக்களுக்குப் பெருகும்படியும் நகரும்படியும் ஏவல் கிடைக்கிறது. மேற்கூறிய நொதியைத் தடுத்து நார் இறுகாமல் செய்தபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது என்பதை 2009-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. கட்டி நாரை இறுக்குகிறது. இறுகிய நார் கட்டியை மேலும் வளர்க்கிறது.

பாவு நூல் வழியே பயணம்

நோய் பரவும் விதம் இதனினும் வியப்பூட்டுவது. நெசவாளர்கள் பாவு, ஊடை என்னும் சொற்களை நன்கறிவர். சிக்கலாகக் கிடக்கும் நூற்குவியலில் ஓர் எறும்பு ஊர்ந்து செல்வதாயின் எங்கும் தடுமாறும். அதே நூலைத் தறியில் பாவாக இழுத்துக் கட்டினால், அந்த எறும்பு ஒரே நூலைப் பற்றிக்கொண்டு மறுமுனைக்கு விரைவாகச் சென்றுவிடும். மார்பகத்திலும் இதுவே நிகழ்கிறது.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ புரோவென்சானோ, பட்ரீசியா கீலி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் புற்றுக் கட்டியைச் சுற்றியுள்ள கொலாஜன் நார்களில் மூன்று நிலைகளைக் கண்டனர். முதலில் கட்டிக்கு அருகே நார்கள் அடர்ந்து குவிகின்றன. அடுத்து, கட்டியைச் சுற்றி வேலி போலத் தழுவி நீட்டமாக நிற்கின்றன. இந்நிலையில் அவை ஒருவகைத் தடுப்பாகவும் அமையக்கூடும். மூன்றாம் நிலையில் அந்த நார்கள் திசை மாறி, கட்டியின் விளிம்பிற்கு நேர்குத்தாக, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் வெளிநோக்கி நீள்கின்றன. வேலியாக நின்றது பாதையாகிவிடுகிறது. கெட்ட அணுக்கள் சவ்வையும் நாரையும் அரிக்கும் நொதிகளைச் சுரந்து வழி திறந்துகொண்டு, இந்த நேரான நார்களைப் பற்றி வெளியேறுகின்றன. பின்னர் நிணநீர்க் குழாய் வழியாக அக்குளுக்கும், இரத்தத்தின் வழியாக எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய உறுப்புகளுக்கும் செல்கின்றன.

2011-இல் அதே பல்கலைக்கழகத்தார் 196 பெண்களின் கட்டித் துணுக்குகளை ஆராய்ந்தனர். மூன்றாம் நிலை நார்கள் காணப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணம் நேர்வதும் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாக இருந்தன. கட்டியின் அணுக்களோடு, அதைச் சுற்றியுள்ள நார்களின் திசையையும் நோக்கி நோயின் போக்கை ஊகிக்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று.

கை அறியும் உண்மை

இந்த ஆராய்ச்சிகளால் கிராமத்துப் பெண்ணுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். பயன் பெரிது. விலையுயர்ந்த கருவிகள் கொண்டு விஞ்ஞானிகள் கண்ட மாறுதலையே, அது ஓரளவு முற்றியபின், அவளுடைய கைவிரல்கள் அறிந்துகொள்கின்றன.

கட்டி பிசைந்த மாவில் அகப்பட்ட கல்லைப்போல் கடினமாக இருப்பதற்கு, குவிந்து இறுகிய கொலாஜன் ஒரு முக்கிய காரணம். விரலால் தள்ளினால் நகராமல் ஒரே இடத்தில் ஊன்றி நிற்பதற்கு, கட்டி சுற்றிலும் நார்களால் பிணைக்கப்பட்டிருப்பது காரணம். மார்பகத்தைத் தாங்கி நிற்கும் நார்த் தளைகள் தோல்வரை நீண்டிருக்கின்றன. நோய் அவற்றை இழுத்துச் சுருக்குவதால், துணியில் ஓர் இழையை இழுத்தால் கொசுவம் விழுவதுபோல் தோலில் குழி விழுகிறது. முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வதும் இவ்வாறே. நிணநீர் தேங்கித் தோல் வீங்கும்போது, நார்த் தளைகள் பிடித்திருக்கும் இடங்கள் மட்டும் வீங்க இயலாமல் ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் குழிகின்றன.

நார் இறுகுவதால் மட்டும் வலி உண்டாவதில்லை. ஆகவே, வலி இல்லை என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பெருந்தவறு. அதே சமயத்தில், எல்லாக் கட்டிகளும் புற்று அல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இளம் பெண்களுக்குத் தோன்றும், வழுவழுப்பாக விரலுக்கு நழுவி ஓடும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும், இது தீங்கற்றது, இது தீங்குள்ளது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. நாமோ, அண்டை வீட்டாரோ அல்லர்.

மார்பக எக்ஸ் கதிர்ப் படத்தில் கொலாஜன் நாரும் சுரப்பியும் மிகுந்த பகுதி வெண்மையாகவும், கொழுப்பு மிகுந்த பகுதி கருமையாகவும் தோன்றும். மார்பகத்தின் பெரும்பகுதி வெண்மையாகத் தோன்றும் பெண்களுக்கு, வெண்மை மிகக் குறைந்தவர்களைவிட, இந்நோய் வரும் வாய்ப்பு நான்கு முதல் ஆறு மடங்குவரை கூடுதல் என்று கண்டுள்ளனர். புற்றுக் கட்டியும் வெண்மையாகவே தோன்றுவதால் அடர்ந்த வெண்மையில் அது மறைந்துவிடக்கூடும். ஆகவேதான் இத்தகையோருக்கும் இளம் வயதினருக்கும் மருத்துவர் ஸ்கேன் பரிசோதனையையும் செய்யச் சொல்கிறார்.

தவறான எண்ணங்கள்

கொலாஜன் நோய்க்கு உதவுகிறது என்றதும், ஆட்டுக்கால் சாற்றையும் மீன் தோலையும் விலக்கிவிடலாமா என்று கேட்பவர் இருக்கலாம். வேண்டியதில்லை. உண்ணும் கொலாஜன் வயிற்றிலும் குடலிலும் செரித்துச் சிறு கூறுகளாகிவிடுகிறது. அது நாராகவே மார்பிற்குச் செல்வதில்லை. கொலாஜன் நம் பகையும் அன்று. அது இல்லாமல் தோலும் எலும்பும் நில்லா. அதன் இயல்பான நெசவை நோய் குலைப்பதே கேடு.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. இதற்கு ஆதாரம் இல்லை. ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி நோயை உறுதி செய்ய முடியாது. எந்தச் சிகிச்சை ஏற்றது என்றும் தீர்மானிக்க முடியாது. கட்டியின் மீது பச்சிலைப் பற்றுப் போட்டும் சூடு வைத்தும் காலம் கழிப்பது, நார்கள் பாவாக நீளுவதற்கு நாமே அவகாசம் தருவதாகும். இந்நோய் தொற்றுநோயும் அன்று. ஆதலால் நோயாளியை ஒதுக்கி வைப்பது அறமுமன்று, அறிவுமன்று.

நாம் செய்ய வேண்டியவை

செல்வ நாடுகளில் இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிர் வாழ்கின்றனர். நம் நாட்டில் இவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 66 என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வேற்றுமைக்குச் சிகிச்சை வசதியோடு காலதாமதமும் பெருங்காரணமாகும்.

பெண்கள் தம் மார்பகத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். குளிக்கும்போது விரல்களின் உட்புறத்தால் மார்பு முழுவதையும் அக்குளையும் தடவிப் பார்க்கலாம். கண்ணாடியில் நோக்கித் தோலில் குழி, காம்பில் மாறுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் உண்டா என்று கவனிக்கலாம். மாறுதல் ஏதேனும் கண்டால், வலி இருப்பினும் இல்லாவிடினும், காலம் தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மாறுதல் ஒன்றும் தோன்றாவிடினும் 30 வயது நிறைந்த பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மத்திய அரசு 2016-இல் வகுத்த திட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ மார்பகத்தைச் சோதிக்க அதில் வழி செய்யப்பட்டுள்ளது.

மேற்கொண்டு சோதனை தேவைப்படுவோர்க்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரி மாதத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. முன்போல் எல்லாவற்றிற்கும் சென்னைக்கு ரயிலேற வேண்டிய நிலை இன்றில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். தகுதியுள்ள குடும்பங்கள் தங்கள் அட்டையை இப்போதே பெற்று வைத்திருப்பது நலம்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் கூட்டங்களில் கடன் கணக்கைப் பேசும்போதே இதையும் பேச வேண்டும். ஒருத்தி தனியே செல்லக் கூசுவாளாயின் குழுவினர் ஐந்தாறு பேராகச் சேர்ந்து சுகாதார நிலையத்திற்குச் செல்லலாம். தறிக்கூடங்களையும் ஆலைகளையும் நடத்துவோர், பரிசோதனைக்குச் செல்லும் பெண்ணின் அரைநாள் கூலியைப் பிடிக்காமல் இருப்பாராயின், அதுவே ஒரு பெரும் தொண்டாகும். ஆண்களுக்கும் இதில் கடமை உண்டு. வீட்டுப் பெண் தயங்கிச் சொல்லும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டு, மறுநாளே உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

நூல் அறுந்தால் தறியை உடனே நிறுத்தி முடிச்சுப் போடுபவர் நம் நெசவாளர். அறுந்த இழையோடு ஓட்டினால் துணி முழுவதும் பழுதாகும் என்பதை அவர் அறிவார். மார்பில் கடினம் தட்டுப்படும் நாளும் தறியை நிறுத்த வேண்டிய நாளே. அறுவடையும் கல்யாணமும் சில நாட்கள் காத்திருக்கும். இறுகும் நார் காத்திருப்பதில்லை. இவ்வுண்மையை நம் சமவெளிக் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாயாவது அறிந்து, தன் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லி வைப்பாளாயின், கிராம முன்னேற்றத்தில் அதனினும் சிறந்த பணி பிறிதொன்று இல்லை எனலாம்.